குழல் முனையின் கடைசி இரண்டு அங்குலம்

ஒரு பழைய துப்பாக்கியின் குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்காக, பொங்கல் முடிந்த வாரம் மரக்காணம் போனேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கும், இதே மாதிரிக் காரணத்துக்காக வேறு எங்காவது போக நினைப்பவர்களுக்கும் இதை எழுதி வைக்கிறேன். இரண்டாம் வகையினர் குறைவு. ஆனால் இருக்கிறார்கள்.

நான் துப்பாக்கி சுட்டதில்லை. சுடும் எண்ணமும் கிடையாது. தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தபோது, சென்னையில் ஒரு கண் டாக்டர் தன்னிடம் இருந்த பழைய துப்பாக்கிகளுக்குப் பட்டியல் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். பகலில் நோயாளிகளின் கண், மாலையில் குழலின் கண் என்பார். எல்லாவற்றுக்கும் முறையான உரிமம் உண்டு. பட்டியல் எழுத எழுதப் பொருள்கள் மேல் எனக்கும் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. யாரோ செய்தது. யாரோ வைத்திருந்தது. இப்போது இங்கே.

அவர் பல வருடமாகத் தேடியது ஒரே ஒரு வகை. ஒற்றைக் குண்டும், ரவை என்கிற சிறு ஈயக் குண்டுகளும் சுடும் துப்பாக்கி. வெளியே பார்த்தால் சாதாரண ‘பன்னிரண்டு போர்’ அளவு இரட்டைக் குழல்தான். குழலின் உட்பக்கம் வழவழவென்று இருக்கும். முனையில் மட்டும், கடைசி இரண்டு அங்குலத்துக்கு, முறுக்கினாற்போல வரிகள் வெட்டியிருக்கும். ரவைத் தோட்டா போட்டால் ரவைகள் விரிந்து போய் வாத்து விழும். ஒற்றைக் குண்டுள்ள தோட்டா போட்டால், குண்டு அந்த வரிகளில் சுழன்று நேராகப் போய்ப் பன்றி விழும். இரண்டு துப்பாக்கி தூக்க விரும்பாத வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது. அதிகம் செய்யவில்லை. வரி இருந்தால் அபூர்வம். வரி இல்லையென்றால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பழைய இரும்பு. விலை முழுவதும் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது.

மரக்காணத்திலிருந்து அந்தோணிசாமி என்பவர் எழுதியிருந்தார். உப்பளக் குத்தகைக்காரர். வெள்ளைக்கார உப்பு அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இவருடைய அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன துப்பாக்கி. வேட்டைக்குத் தடை வந்த பிறகு அது வீட்டில் சும்மா இருக்கிறது. மழையில் உப்பளத்து வரப்புகள் கரைந்துவிட்டன. மாத முடிவுக்குள் வரப்புக் கட்டிப் பாத்தி மிதித்து முடிக்காவிட்டால் குத்தகை வேறொருவருக்குப் போய்விடும். அதனால் விற்கிறேன். இவ்வளவுதான் கடிதம். கீழே, குழல்மேல் பொறித்திருந்த எழுத்துகளையும் எண்ணையும் பார்த்து வரைந்திருந்தார். டாக்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

பதிலாக ஒரு அஞ்சலட்டை போட்டார். டாக்டர்கள் எழுதும் அளவுக்குத்தான் இருந்தது. ‘குழல்களின் முனையைப் பரிசோதித்த பிறகே விலை. வியாழக்கிழமை என் ஆள் வருவார்.’

அந்த ஆள் நான்.

சென்னையிலிருந்து காலை ஐந்தரை மணிக்குத் திருச்சி பேருந்து. திண்டிவனத்தில் இறங்க வேண்டும். நூற்றிருபது கிலோமீட்டர், ஐந்தரை ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். ஏழு மணிக்கு மேல் வெயில் முகத்திலேயே அடிக்கும். திண்டிவனம் நிலையத்துக்கு எதிரில் இட்லி நன்றாக இருந்தது, காபி இல்லை. காபி என்று கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மரக்காணம் வண்டி. முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேரம் ஆகும், ஏனென்றால் கைகாட்டுகிறவர்கள் எல்லாரும் ஏறலாம்.

கிளம்பிய கால் மணி நேரத்தில் ஒரு குறுகிய மதகில் எதிர்ப்பேருந்து வந்தது. இரண்டு ஓட்டுநர்களும் தலையை வெளியே நீட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். என் ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் மற்ற வண்டியின் ஜன்னல். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், சுருட்டிய கோரைப்பாயை மடியில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கையால் மேல் நுனியை மூடியிருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நானும் செய்தேன். வண்டிகள் பிரிந்தன.

பிரம்மதேசம் தாண்டினால் காற்று மாறுகிறது. பனைகள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. பிறகு மரங்களே இல்லை. தரை வெளுக்கிறது. உப்பளங்களை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். அந்த நாளில் உப்பு இன்னும் வரவில்லை. மழைநீர் வடிந்த சேற்றுச் சதுரங்கள் மட்டும், எல்லாவற்றிலும் வானம்.

மாதா கோயில் தெருவில் வீடு எளிதில் கிடைத்தது. கதவைத் திறந்தவர் அவர் மனைவி பிலோமினா அம்மாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மெட்ராஸ்ல இருந்தா? துப்பாக்கிக்கா?”

“ஆமாம்மா.”

“சாயந்திரம்தான் வருவீங்கன்னு நெனைச்சோம் தம்பி. அவரு இல்லியே. உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?”

மோர் வந்தது. பிறகு, நான் கேட்காமலேயே, துப்பாக்கியும் வந்தது. பாதி. மரக்கட்டையும் விசையும் மட்டும். வால்நட் மரம், எண்ணெய் ஊறி ஊறிக் கருத்திருந்தது. விசைத்தட்டில் சின்னச் சின்ன இலைகள் செதுக்கியிருந்தார்கள். உப்புக் காற்று நாள் முழுவதும் வீசும் ஊரில் ஒரு புள்ளித் துரு இல்லை.

“குழல் எங்கேம்மா?”

“அதத்தான் எடுத்துகிட்டுப் போயிருக்காரு. காலைல மொத வண்டிக்கே. திண்டிவனத்துல லேத் பட்டறைக்கு.”

எதற்கு என்று கேட்டேன்.

“உங்க டாக்டரு எழுதியிருந்தாரே, வாயைப் பாத்துதான் வெலைன்னு. அந்த வாயில, ரெண்டு குழல்லயும், உப்பு தின்னுடுச்சு தம்பி. உள்ளார வரி வரியா. இவரு ராத்திரிப்பூரா தூங்கல. பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி மூஞ்சி கழுவாம நிறுத்துவாங்களான்னுட்டு, தேய்ச்சி வழவழன்னு ஆக்கிட்டு வர்றேன்னு போயிட்டாரு. மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு, நீங்க சாப்பிட்டுட்டு…”

டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்த சத்தம் எனக்கே கேட்டது.

பாய். ஒரு முழத் தூரத்தில்.

“அம்மா, அந்த வரி உப்பு தின்றது இல்லை. செய்தவர்களே வெட்டியது. அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன். அது போனால் எதுவும் இல்லை.”

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்தார். “மாதாவே” என்று ஒருமுறை மட்டும் சொன்னார். குடையை எடுத்தார். “பஸ் இனிமே பன்னெண்டரைக்குத்தான். வா தம்பி, லாரி இருக்குது.” மரியாதைப் பன்மை அந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அதன் பிறகு ஒருமுறைகூட நான் விருந்தாளி இல்லை.

போன வருடத்து உப்பு மூட்டைகளைத் திண்டிவனம் ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் காசி. பிலோமினா அம்மாள் முன்னால் போய்க் குடையை நீட்டி வண்டியை மறித்தார். அவர் நடுவில், நான் கதவோரம். விஷயத்தைச் சொன்னதும் காசி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்பா, நீயா துப்பாக்கி வாங்க வந்தவன்? உன்னைப் பார்த்தா பேனாவுக்கு மூடி வாங்க வந்தவன் மாதிரி இருக்குது.”

“டேய் காசி, பேச்சை விட்டுட்டு மிதிடா.”

“மிதிக்கிறேன் ஆன்ட்டி. லோடு பத்து டன்னு. நீங்க ஜெபம் பண்ணா போவுமா, டீசல் ஊத்தினா போவுமா?”

“ரெண்டும்தான். நீ டீசலைப் பாரு, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

வழியெல்லாம் ஜெபமாலை உருண்டது. ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் ஜெபம் நின்று வசவு வந்தது. மறுபடி ஜெபம். குழலின் உட்புறத்தைக் குடையும் ரீமர் எத்தனை நிமிடத்தில் இரண்டு அங்குலத்தைத் தின்னும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலத்தைப் பற்றி இரண்டு வருடம் படித்திருக்கிறேன். அந்தப் பாடம் எதுவும் அந்த லாரியில் ஏறவில்லை.

பட்டறை, நிலையத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில். நாங்கள் போனபோது அமைதியாக இருந்தது. லேத் சுற்றும் சத்தம் இல்லை. வாசலில் ஒரு மர பெஞ்சில் மதகில் பார்த்த அதே பெரியவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் திகைத்து எழுந்தார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அட, பஸ்ல பாத்தோமே! நீங்கதானா தம்பி? வாங்க வாங்க. முழுசா முடிச்சிட்டுக் காமிக்கலாம்னு இருந்தேன். பாருங்க, ஒண்ணு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணுல கை வைக்கறதுக்குள்ள கரண்ட்டு போயிடுச்சு. மத்தியானம் வந்துடுமாம்.”

குழல்களை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினார். அந்த முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்கு வரவில்லை.

வாங்கி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தேன். இடது குழல்: முனையில் ஏழு வரிகள், மெல்லத் திரும்பி, வெட்டிய நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படி. வலது குழல்: வழவழப்பு. முடிவு வரை வழவழப்பு.

மின்வெட்டைத் திட்டாத ஆள் இந்த வருடம் தமிழ்நாட்டில் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன். அந்த வாசலில் நின்று மனதுக்குள் அதன் காலைத் தொட்டேன்.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். முடிந்தவரை சின்ன வாக்கியங்களில். வரி எதற்கு, யார் வெட்டியது, எதனால் விலை. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு சார். இவ்ளோ ஒழுங்கா அரிக்குமான்னு. ஆனா பெரியவரு உப்புன்னாரு. மரக்காணத்துக்காரரே உப்புன்னா, திண்டிவனத்துக்காரன் நான் இன்னா சொல்றது?”

பிலோமினா அம்மாள் கணவரைப் பார்த்தார். “ஊருக்கெல்லாம் உப்பு விக்கிறீங்க. எது உப்பு, எது உப்பு இல்லன்னு தெரியாதா?”

அந்தோணிசாமி என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்த இன்னொண்ணுல அந்த வரி முழுசா இருக்குதா?” இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். குழல்களைப் பாயில் சுற்றினார். பட்டறைக்காரர் கூலி வாங்க மறுத்தார். இவர் அதை லேத்தின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் மூவரும் ஒரே இருக்கை. அவர் ஜன்னல் ஓரம், பாயோடு. பாயின் மேல் நுனியை மறுபடி கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். உப்பளத்தை நினைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு டாக்டர் மூன்று விதிகள் கொடுத்திருந்தார்: வரி நன்றாக இருந்தால் ஒரு விலை, தேய்ந்திருந்தால் அதில் பாதி, இல்லையென்றால் வணக்கம் சொல்லித் திரும்பிவிடு. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் யோசித்திருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

பிற்பகல் சாப்பாடு. அனுமந்தையிலிருந்து காலையில் வந்த சங்கரா மீன் குழம்பு. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு அதுதான். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதால் உங்களுக்குப் பரிந்துரை செய்ய வழியில்லை. சாப்பிட்டு முடித்ததும் பிலோமினா அம்மாள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைத் தூக்கிவந்தார். பிஸ்கட் டப்பா அளவு. மூடியைச் சுற்றி மெழுகு பூசி அடைத்திருந்தது.

“இதையும் கையோட கொண்டு போயிடுங்க தம்பி. வெடிச்சுத் தொலைக்கப் போவுதுன்னு எனக்கு இத்தினி வருஷமா பயம். கடல்ல போடலாம்னா இந்த மனுசன் விடல.”

நான் கொண்டுபோக முடியாது, உரிமம் உள்ளவர்தான் தொடலாம் என்றேன். அந்தோணிசாமி கத்தியால் மெழுகைச் சுரண்டினார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை உருக்கிப் பூசியதாம். உள்ளே அடியில் சுட்ட சுண்ணாம்புக் கற்கள், அதன்மேல் துணி, துணிமேல் இரண்டு அட்டைப் பெட்டிகள். ஈரத்தையெல்லாம் சுண்ணாம்பு குடித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, உப்புக் காலம் தொடங்கும் முன், கல்லை மாற்றி மறுபடி மெழுகு வைப்பாராம்.

ஒரு பெட்டி திறந்தது. அதில் சில தோட்டாக்கள் குறைந்திருந்தன. மற்றது திறக்கவே படாதது. செய்த இடத்தில் ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல், எழுத்து மங்காமல் இருந்தது. குண்டுத் தோட்டா. இந்தத் துப்பாக்கிக்கென்றே செய்த குண்டு.

இதைத் தேடுகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இந்த வகைத் துப்பாக்கிகள் அங்கங்கே பிழைத்திருக்கின்றன. தோட்டாக்கள் பிழைப்பதில்லை. சுடுவதற்காகச் செய்தவை, சுடப்பட்டுவிட்டன. மிஞ்சியவை நம் ஊர் மழையில் ஊறி வீங்கிப் பச்சை பூத்துவிடும். டாக்டர் வருடக்கணக்கில் ஒரு வெற்றுப் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடுகிறார். இங்கே நிறைந்த பெட்டி, கடலோரத்தில், முத்திரையோடு.

அஞ்சலகம் ஐந்து மணிக்கு மூடும். நாலேகாலுக்குப் போய் டிரங்க் கால் பதிந்தேன். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள், முக்கால் மணி ஆனது. அந்தோணிசாமி வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. இணைப்பு வந்ததும், ஒரு குழலில் வரி போய்விட்டது என்றேன்.

“எந்தக் குழல்?” என்று கத்தினார் டாக்டர்.

“வலது போய்விட்டது. இடது முழுசாக இருக்கிறது.”

இரைச்சல். கடல் இரைச்சலா, கம்பி இரைச்சலா தெரியவில்லை.

“யார் செய்தது?”

“உங்கள் அஞ்சலட்டை,” என்றேன். வாயை மீறி வந்துவிட்டது. பிறகு தோட்டாக்களைச் சொன்னேன். பட்டையைச் சொன்னேன், மெழுகைச் சொன்னேன், சுண்ணாம்பைச் சொன்னேன்.

“திறக்காதே. யாரையும் திறக்க விடாதே,” என்றார். பிறகு விலை சொன்னார். துப்பாக்கிக்குப் பாதி. பெட்டிகளுக்கு இன்னொரு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. அது இரண்டு வீட்டாரின் விஷயம். கடைசி வரிசைப் பாத்திகளை இந்த வருடம் விட்டுவிட்டு, மற்றவற்றை எல்லாம் கட்டி மிதிக்க அது போதும் என்று அந்தோணிசாமி வேப்பமரத்தடியிலேயே கணக்குப் பார்த்துச் சொன்னார். குத்தகை போகாது. முன்பணமாக நான் கொண்டுவந்திருந்ததைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அப்போதும் முகம் தெளியவில்லை.

அன்று இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஊரில் விடுதி கிடையாது. புதுச்சேரி போனால் உண்டு.

மறுநாள் காலை அவரோடு உப்பளத்துக்குப் போனேன். பாத்தி மிதிப்பு. முழங்கால் வரை சேலையை வரிந்து கட்டிய பெண்களும் நான்கைந்து ஆண்களும் கைகோத்து வரிசையாக நின்று, சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குகிறார்கள். இறுகினால்தான் தண்ணீர் நிற்கும், உப்பு வெள்ளையாக வரும். குதிகாலால் மிதிக்க வேண்டும். விரலால் மிதித்தால் குழி விழும். நான் மிதித்த இடத்தில் குழி விழுந்தது.

“தம்பி, நீ கரைக்குப் போ,” என்றார் வரிசையில் ஒரு பெண். “உன் கால்தடத்துல இந்த வருசம் நண்டு குடும்பம் நடத்தும்.”

கரைக்குப் போனேன். அந்தோணிசாமி வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோரைப்பாய். வீட்டிலிருந்து அதை ஏன் தூக்கிவந்தார் என்று நான் கேட்கவில்லை.

“தம்பி, அதை எனக்குக் கொஞ்சம் காட்டுங்க.”

பாயைப் பிரித்தேன். கிழக்கே கடல்மேல் வெயில் ஏறியிருந்தது. பாத்தித் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கீழிருந்தும் வந்தது. துப்பாக்கிக் குழலுக்குள் பார்க்க அதைவிட நல்ல விளக்கு கிடையாது. முதலில் இடது குழலைக் கண்ணில் வைத்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார்.

“சுத்திகிட்டே போவுது.”

“ஆமாங்க. குண்டும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போகும்.”

“எல்லாம் ஒரே அகலம்.”

“ஆமாம்.”

“அப்ப இது உப்பு இல்ல.”

“இல்லீங்க ஐயா. உங்கள் துப்பாக்கியை உப்பு தொடவே இல்லை. எங்கேயும். நேற்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். டாக்டரிடம் இருக்கும் எதுவும் இவ்வளவு நல்ல நிலையில் இல்லை.”

குழலை மடியில் வைத்துக்கொண்டார். வரிசை பாடிக்கொண்டே மிதித்துக்கொண்டு நகர்ந்தது.

“எங்கப்பாரு இதை என் கையில குடுக்கறப்ப ஒண்ணுதான் சொன்னாரு. உப்பு தின்ன விட்டுடாதடான்னு. அவரு கண்ணை மூடுன வருசமே என் தம்பி இதுக்குள்ள பாத்துட்டு, ‘அண்ணே, தின்னுடுச்சே’ன்னுட்டான். பாண்டிச்சேரில இருக்கறான். கிறிஸ்மஸுக்கு வர்றப்பல்லாம் சொல்லுவான். அண்ணன் கையில எது குடுத்தாலும் உப்பு தின்னுடும்னு. பசங்க முன்னாடி. சிரிச்சிகிட்டேதான் சொல்லுவான். நான் தெனமும் எண்ணெய் போட்டேன் தம்பி. ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போறதுக்கு முன்னாடி கூட. எண்ணெய் போட்டுட்டு உள்ள பாப்பேன். அந்த வரி இருக்கும். எத்தினி வருசம்.”

நேற்று முழுவதும் முகம் தெளியாமல் இருந்தது விலைக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று போய்விட்டதை அவர் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. உப்பு தின்னவே இல்லை என்பதை நம்பத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

“ஒண்ணு பண்ணுங்க,” என்றார். “அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. உப்பு தொடலைன்னு. இங்கிலீசுல. மெட்ராஸ் கையெழுத்தோட. பாண்டிச்சேரிக்கு அனுப்பணும்.”

வரிசையிலிருந்து அதே பெண் கத்தினார். “இன்னா பெரியவரே, துப்பாக்கியக் காட்டி எங்கள வேலை வாங்கலாம்னு பாக்கறியா? கட்டை எங்க? வெறும் குழாயா?”

அந்தோணிசாமி சிரித்தார். அந்த இரண்டு நாளில் முதல்முறை. குழல்களைப் பாயில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள். குதிகாலால் மிதித்தார். குழி விழவில்லை.

நான் பதினோரு மணி வண்டியில் புதுச்சேரி வழியாகத் திரும்பினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு ரூபாய் எண்பது காசு. வலது பக்கம் உட்கார்ந்தால் கழுவெளி ஏரியில் இறங்கும் வாத்துக் கூட்டங்கள் தெரியும். சுடுவதற்கு ஆள் இல்லை, அவை தரையிலேயே நடக்கின்றன. அனுமந்தையைத் தாண்டி ஆரோவில் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்குவார்கள், நெரிசலாக இருக்கும். சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால் அது சரியான வழிதான்.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். சித்திரைக்குமேல் உப்பின் வெளிச்சத்தில் கண் தாங்காது, கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். உப்பளத்துக்குள் போகக் கேட்டுவிட்டுப் போங்கள், வரப்பின்மேல் மட்டும் நடங்கள். லாரியில் இடம் கேட்டால் தருவார்கள், ஆனால் கேலிக்குத் தயாராகப் போங்கள்.

துப்பாக்கிக்காகப் போகிறவர்களுக்கு: உரிமம் இல்லாமல் எதையும் கொண்டுவராதீர்கள், வெறும் குழலைக்கூட. மாற்றிக்கொள்வதற்குக் கலெக்டர் அலுவலகத்தில் ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். பழைய தோட்டாவைச் சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். பெட்டி மூடியிருந்தால் மூடியே இருக்கட்டும். விற்கிறவர் வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, துப்பாக்கி எங்கே என்பதல்ல, அதோடு வேறு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பது. கடிதம் போடுமுன், அதைப் படிக்கப் போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘பரிசோதிப்போம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘இருப்பதை இருக்கிறபடியே பார்க்க விரும்புகிறோம், எதையும் துடைக்கக்கூட வேண்டாம்’ என்று எழுதுங்கள். டாக்டர் இப்போது அப்படித்தான் எழுதுகிறார். முழுக் கடிதத்தாளில்.

பங்குனியில் துப்பாக்கி முறைப்படி சென்னைக்கு வந்து சேர்ந்தது. டாக்டர் இரண்டு குழல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியலில் நான்தான் எழுத வேண்டும். ‘இடது குழல்: வரிகள் முழுமை. வலது குழல்: வரிகள் திண்டிவனத்தில் நீக்கப்பட்டன.’ அதற்கடுத்து ‘நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அதில் ஓரிரு சொற்கள்தான் எழுதுவேன். இதற்கு, கட்டத்துக்கு வெளியே போய், ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்தத் துப்பாக்கியை உப்பு எங்கேயும் தொடவில்லை.

கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், நான் கேட்காமலேயே, டாக்டர் தன்னுடையதையும் போட்டார். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று மரக்காணத்துக்குப் போயிற்று. இன்னொன்றை, அந்தோணிசாமி கொடுத்த முகவரிக்கு, நேராகப் புதுச்சேரிக்கே அனுப்பினோம்.